கம்ப்யூட்டருக்குக் கட்டிய நோய்ச்சீட்டு

ஊசியக்கா என்றால்தான் அந்த ஆலையில் யாருக்கும் தெரியும். சொந்தப் பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அது அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். வயது நாற்பத்தேழு. மூக்கு நுனியில் கண்ணாடி, மேலங்கிப் பையில் குட்டி ஸ்குரூடிரைவர், கழுத்தில் கயிற்றில் தொங்கும் நூல் வெட்டும் கத்தரி. ஆயத்த ஆடை தைக்கும் அந்த ஆலையில் இருநூறு தையல் மிஷின்களுக்கு மூன்று மெக்கானிக்குகள். மூவரில் ஒருத்தி இவள். தையல் விட்டுப் போகிறது, நூல் அறுகிறது என்று யாராவது கூப்பிட்டால், மற்ற இருவரும் மிஷினின் தலையைக் கழற்றிக் குடலை உருவுவார்கள். இவள் போய்ப் பக்கத்தில் நின்று, "முதல்ல ஊசிய மாத்து" என்பாள். பத்தில் ஆறு மிஷின் அதிலேயே எழுந்து ஓடிவிடும். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

அதே ஊசியக்கா சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் கோட்டை வாசல் காவல்காரி. சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். அவள் வீட்டுக்காரர் மூன்று வருடமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார், அவருக்கே வாய் வலித்ததே தவிர அவள் நாற்காலியை விட்டு எழுந்தபாடில்லை.

கதை இதுதான். மகள் நர்ஸிங் படிக்க வெளியூர் விடுதிக்குப் போனபோது, ஆசை ஆசையாக வாங்கிய விளையாட்டுக் கம்ப்யூட்டரைப் பழைய பெட்ஷீட் போட்டு மூடிவிட்டுப் போனாள். ஒரு விடுமுறை நாளில் தூசி தட்டலாமென்று பெட்ஷீட்டை எடுத்த ஊசியக்கா, விரல் பட்டு அது உயிர்பெற்று எழுந்ததும், என்னதான் இருக்கிறது இதற்குள் என்று உட்கார்ந்தாள். ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம். ஒரு கோட்டை. ஒரு பக்கம் காக்க வேண்டும், மறுபக்கம் பிடிக்க வேண்டும். முதல் வாரம் முழுக்க நிமிடத்துக்கு ஒருமுறை செத்தாள். கூட ஆடிய யாரோ ஒருவன், "தயவுசெய்து வீட்டுக்குப் போ" என்று எழுதினான். இவள் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, "வீட்டுலதான் இருக்கேன்" என்று பதில் எழுதிவிட்டு மறுபடியும் சாகப் போனாள்.

எட்டு மாதம் போன பிறகு அவளை யாரும் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடம் ஊசிக்காதையே பார்த்த கண். பதற்றப்படாத கை. மற்றவர்கள் ஓடி ஆடிச் சுட்டுத் தீர்ப்பார்கள்; இவள் வாசலில் அசையாமல் நிற்பாள், தலை தெரிந்தால் ஒரே ஒரு தோட்டா. ஒரு நாள் ஒரு பெண் குரல் காதில் கேட்டது: "எங்க டீமுக்கு வாசல் காக்க ஆள் இல்ல, வர்றீங்களா?" மருந்துக்கடையில் வேலை பார்க்கும் இருபத்து மூன்று வயதுப் பெண் அவள். டீமுக்குக் கேப்டன். இவளுடைய குரலைக் கேட்டதும் ஒரு கணம் தயங்கி, "அக்கான்னு கூப்பிடலாமா?" என்றாள். "வாசல்ல நிக்க விட்டா எப்படி வேணா கூப்பிடு" என்றாள் இவள். அன்றிலிருந்து அந்த ஐவரில் இவள் ஒருத்தி.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

மூன்று வாரமாகக் கம்ப்யூட்டர் நட்டாற்றில் கைவிட்டது. ஆட்டம் தொடங்கி இருபது, இருபத்திரண்டு நிமிடம் நன்றாக ஓடும். சண்டை சூடு பிடிக்கும் நேரம் பார்த்துத் திரையில் எல்லாம் அப்படியே உறைந்துவிடும். ஓங்கிய கை ஓங்கியபடி, பறந்த தூசி பறந்தபடி. காதில் ஒரே ஒரு சத்தம் ரம்பம் போல இழுக்கும். பிறகு திரை கறுத்து, பெட்டிக்குள்ளே, திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டின் விசிறி மட்டும் பேய் பிடித்ததுபோல் சுற்றும். அணைத்துப் போட்டு மறுபடி உள்ளே போவதற்குள் கோட்டை போயிருக்கும். மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி.

கேப்டன் கெட்டவள் இல்லை. ஆனாலும் அவளுக்கும் கணக்கு இருந்தது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குக் கடைசி தகுதிச் சுத்து. அதுக்குள்ள சரியாகலேன்னா நான் மாத்து ஆளை இறக்கணும். இறக்கிட்டா சீசன் முழுக்க அவர்தான், நடுவுல திரும்ப மாத்த ரூல் இல்ல. உங்க மேல தப்பு சொல்லல. கார்டு போனா யாரு என்ன பண்ண முடியும்?"

"கார்டு போச்சுன்னு யாரு சொன்னா?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்லிட்டா ஆயிடுமா? ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு நான் வாசல்ல நிப்பேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியும். மறுநாள் ஆலையிலிருந்து வரும்போது ஒரு நோய்ச்சீட்டைக் கையோடு கொண்டுவந்தாள்.

நோய்ச்சீட்டு என்பது அந்த ஆலையின் வழக்கம். மிஷின் நின்றால், மஞ்சள் அட்டை ஒன்றை நூலில் கோத்து அதன் கழுத்தில் கட்டுவார்கள். எப்போதிலிருந்து, என்ன துணி ஓடியது, என்ன மாற்றப்பட்டது, யார் தவறு, யார் சரிசெய்தது என்று கட்டங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியதை உடனே எழுத வேண்டும். 'யார் தவறு' என்ற கட்டத்தில் மூன்றில் ஒன்றை எழுதலாம்: மிஷின், தைப்பவர், மெக்கானிக். மூன்றாவது சொல் சும்மா அழகுக்கு. அதை எழுதிய மெக்கானிக் அந்த ஆலையின் சரித்திரத்திலேயே கிடையாது. எழுதுவது மெக்கானிக் அல்லவா? தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்வானா?

அந்தக் கட்டம்தான் ஊசியக்காவை மெக்கானிக் ஆக்கியது. இருபத்திரண்டு வயதில் அவள் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் நாலு தையலுக்கு ஒன்றை விழுங்கியது. அப்போதிருந்த தலைமை மெக்கானிக் வந்தார், பார்த்தார், 'தைப்பவர் தவறு' என்று எழுதினார். மறுநாளும் அதுவே. மூன்றாம் நாள் அவளை மிஷினிலிருந்து எழுப்பி, பிசிறு நூல் வெட்டும் மேஜைக்கு அனுப்பினார்கள். அன்று சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரும் போக, இவள் மட்டும் திரும்பி வந்து ஊசியைக் கழற்றினாள். ஊசி அரைக்கால் சுற்று திருகி மாட்டப்பட்டிருந்தது. மேலாளரைக் கையோடு கூட்டிவந்து காட்டினாள்.

"யாரைக் கேட்டு மிஷினைத் தொட்ட?" என்றார் மேலாளர்.

"என் பேரை அட்டைல எழுதினப்ப யாரும் என்னைக் கேக்கலையே சார்" என்றாள் இவள்.

வேலை போகும் என்று பக்கத்து வரிசைப் பெண்கள் எல்லாரும் நினைத்தார்கள். மேலாளருக்கு அன்று என்ன நல்ல புத்தியோ, வாயை அடைப்பதற்கென்றே ஒரு ஸ்குரூடிரைவரைக் கொடுத்து மெக்கானிக் பிரிவில் போட்டார். வாய் அடையவில்லை.

அந்த மஞ்சள் அட்டை இப்போது சிபியு பெட்டியின் கைப்பிடியில் தொங்கியது. வீட்டுக்காரர் அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். நாற்பது பிள்ளைகளின் கூச்சலை இரண்டு வேளையும் கேட்டுக் கேட்டு, எதற்கும் பதறாத மனிதர்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். தோத்தா தோத்தேன்னு சொல்லிட்டுப் போயேன், எதுக்குப் பெட்டி மேல பழி?"

"கூடம் கோணலா இல்லையான்னு அளந்து பாத்துட்டுச் சொல்றேன். நீங்க தள்ளுங்க, வெளிச்சம் மறைக்குது."

மகளுக்குப் போன் போட்டாள். மகள் கெட்டிக்காரி, முதல் கேள்வியே மருத்துவமனைக் கேள்வி. "எப்பலேர்ந்தும்மா? அதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?"

"மூணு வாரமா. ஒன்னும் பண்ணல. பெட்டியத் தொறந்து சுத்தம் பண்ணேன், அவ்வளவுதான். நீ விட்டுட்டுப் போன லட்சணத்துக்கு உள்ள குருவி கூடு கட்டியிருக்கும்."

"சுத்தம் பண்ணா நல்லதுதான். சரி, சாஃப்ட்வேர்லேர்ந்து ஆரம்பிங்க."

கார்டை இயக்கும் பழைய டிரைவரைச் சுவடு தெரியாமல் நீக்கிவிட்டுப் புதியதைப் போடச் சொன்னாள் மகள். போட்டாள். அட்டையில் எழுதினாள். செவ்வாய்க்கிழமை, இருபத்திரண்டாம் நிமிடம், உறைந்தது.

சூடாக இருக்குமோ? ஆலையில் பஞ்சுத் தூசி ஊதும் கருவியை இரவல் வாங்கிவந்து விசிறிகளை ஊதினாள். சூடு காட்டும் எண்ணைத் திரை மூலையில் வைத்துக்கொண்டே ஆடினாள். அறுபத்தெட்டு டிகிரி; அது கார்டுக்குக் காய்ச்சலே இல்லை என்றாள் மகள். புதன்கிழமை, இருபத்து நான்காம் நிமிடம், உறைந்தது. மெமரிக் குச்சிகள் இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு ஓட்டினாள்; அதை வைத்து இதை எடுத்துவிட்டு ஓட்டினாள். வியாழக்கிழமை இரண்டு முறை உறைந்தது.

வெள்ளிக்கிழமை மகளின் பழைய சீட்டாட்டம் ஒன்றை மூன்று மணி நேரம் ஓடவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. கோட்டையைத் திறந்தாள், இருபதாம் நிமிடம் போயிற்று. ஊசியக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இந்த வியாதி அவளுக்குத் தெரிந்த வியாதி. மெல்லிசுத் துணியில் ஒழுங்காக ஓடி, தடித்த துணியில் மட்டும் தையலை விடும் மிஷின் எத்தனை பார்த்திருக்கிறாள். பாரம் ஏறும்போது போய்ச் சேர வேண்டியது ஏதோ போய்ச் சேரவில்லை. கரண்ட்தான். கார்டா, கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளையா? அதைப் பார்க்க இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. பெட்டியைப் பள்ளிக்கூட வேனின் முன்சீட்டில் வைத்து, வீட்டுக்காரர் அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டார். "வாந்தி வந்தா சொல்லு கண்ணு" என்று பெட்டியிடம் வேறு சொன்னார்.

கடையின் பலகையில் 'கம்ப்யூட்டர் மருத்துவமனை' என்று எழுதியிருந்தது. அதனால் கடைக்காரரை ஊரே டாக்டர் என்றது. டாக்டர் இரண்டு வாக்கியம் கேட்டார். பெட்டியைத் தொடவில்லை.

"கார்டு போயிடுச்சு மேடம். புதுசு போட்டுடலாம்."

"நீங்க தொறந்தே பாக்கலையே."

"அனுபவம் மேடம். பதினஞ்சு வருஷம். யாரு விளையாடறது, பையனா?"

"நான்."

டாக்டரின் உதடு ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை அவள் மேலாளர் முகத்தில், தலைமை மெக்கானிக் முகத்தில், பஸ்ஸில் அவள் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தவர்கள் முகத்தில் எல்லாம் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ரத்தம் கொதித்தது, இப்போதும் கொதித்தது.

"உங்களுக்கு எதுக்கு மேடம் இவ்வளவு பெரிய கார்டு? சின்னதா ஒன்னு போட்டா சீரியல் பாக்கலாம், போன்ல பேசலாம்..."

"எனக்கு எது போதும்னு நான் சொல்றேன். உங்ககிட்ட கேட்டது அது இல்ல. இந்தக் கார்டை உங்க மேஜைல மாட்டி ஒரு மணி நேரம் பாரம் ஏத்தி ஓட்டுங்க. அப்புறம் பவர் சப்ளைய மாட்டி ஓட்டுங்க. நான் இங்கேயே நிக்கிறேன்."

"கடைல கூட்டமா இருக்கு மேடம்."

"நான் ஓரமா நிக்கிறேன்."

நின்றாள். காலையில் ஆறு மணி நேரம் நின்ற கால், இன்னும் மூன்று மணி நேரம் நின்றது. கடை மேஜையில் கார்டு மல்லாந்து கிடந்தது, வயர்கள் நாலா பக்கமும் சிதறிக் கிடந்தன. பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தொழில் தெரிந்தவன் வயரை இப்படியா போடுவான்? ஒரு மணி நேரம் கார்டு ஓடியது. உறையவில்லை. அவளுடைய பவர் சப்ளையோடு சேர்த்து இன்னும் ஒன்றரை மணி நேரம் ஓடியது. உறையவில்லை.

"அப்போ மதர்போர்டு போயிடுச்சு மேடம்" என்றார் டாக்டர், கண் இமைக்காமல்.

"மத்தியானம் கார்டு போச்சுன்னீங்க."

"மொத்தமா புதுசு எடுத்துடுங்க. நிம்மதி."

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்றீங்க. வர்றேன்."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பெட்டிக்குள் இருந்த இடத்தில் மாட்டினாள். வயர்களைச் சேர்த்து மெழுகு நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டாள். மூடினாள், ஓட்டினாள். பத்தொன்பதாம் நிமிடம் திரை உறைந்தது.

அழுகை வந்தது. துக்கத்தில் வந்ததல்ல, கோபத்தில் வந்தது. கார்டு நல்லது, பவர் சப்ளை நல்லது, கடையில் ஓடுகிறது, இவள் கை பட்டால் நிற்கிறது. 'உனக்கெதற்கு' என்று அந்தப் பெட்டியும் சேர்ந்து கேட்பதுபோல் இருந்தது. வீட்டுக்காரர் வழக்கமான சிரிப்பை எடுத்து வந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே திருப்பிக் கொண்டுபோய் விட்டார். ஒரு தம்ளர் தண்ணீரோடு திரும்பி வந்தார்.

ஞாயிறு மதியம் இரண்டே கால் மணிக்கு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். மேஜை மேல் ஓடுகிறதா? சரி, மேஜை மேலேயே ஓடட்டும். எல்லாவற்றையும் பிரித்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, அப்படியே ஆடிவிடுவது. பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

பெட்டியைத் திறந்தாள். கழுத்திலிருந்த கத்தரியை எடுத்து, வயர் கட்டின் முதல் முடிச்சை வெட்டினாள்.

கார்டுக்குக் கரண்ட் கொண்டுபோகும் தடித்த வயர், துள்ளி ஒரு விரற்கடை பின்னால் போயிற்று.

ஊசியக்காவின் கை அந்தரத்தில் நின்றது. சும்மா கிடக்கும் வயர் துள்ளாது. இழுத்துப் பிடித்திருந்தால்தான் துள்ளும். வருடக்கணக்காக நூலின் இழுவையைக் கூட்டியும் குறைத்தும் சோறு சாப்பிடுகிறவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டார்ச்சை அடித்துக் கார்டின் மேல் பார்த்தாள். வயரின் பிளக் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். 'டக்' என்றது. இந்த மூன்று வாரத்தில் அந்த 'டக்'கை அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மஞ்சள் அட்டையை எடுத்துப் படித்தாள். டிரைவர், தூசி, மெமரி, கார்டு, பவர் சப்ளை என்று மாற்றியதெல்லாம் வரிசையாக இருந்தது. முடிச்சு இல்லை. எழுதத் தோன்றவே இல்லை. ஆலையில் தொங்கும் வயர் என்றால் ஆபத்து. ஓடும் பெல்ட்டில் சிக்கினால் விரலைக் கொண்டுபோய்விடும். அதனால் எந்த மிஷினைத் திறந்தாலும் மூடுவதற்கு முன் வயரைச் சேர்த்து, பல்லால் நூலைப் பிடித்து இறுக்கி ஒரு முடிச்சு. அது வேலையே இல்லை, கை கழுவுவதுபோல. மூன்று வாரத்துக்கு முன் சுத்தம் செய்தபோதும் அப்படியே, நேற்றும் அப்படியே. கட்டு வயரை இழுக்க, வயர் பிளக்கை இழுக்க, பாரம் ஏறி உள்ளே சூடும் அதிர்வும் வந்ததும் பிளக் பிடியை விட்டிருக்கிறது. கடைக்காரன் அசிங்கமாகப் போட்டதால் அங்கே ஓடியது. இவள் அழகாகக் கட்டியதால் இங்கே நின்றது.

"தன் வினை தன்னைச் சுடும்னு சும்மாவா சொன்னாங்க" என்று வாய்விட்டே சொன்னாள்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். சிரிக்கவில்லை, அதற்கு அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். பதிலாக யோசனை சொன்னார்.

"கேப்டன்கிட்ட இதெல்லாம் எதுக்கு விளக்கிக்கிட்டு? புதுக் கார்டு போட்டுட்டேன்னு சொல்லிடு. உடனே இடம் கொடுத்துடுவா."

யோசனை மோசமில்லை. புதுக் கார்டு என்றால் மறுபேச்சு இருக்காது. முடிச்சு, பிளக் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவளே இன்னும் ஓட்டிப் பார்த்து முடிக்கவில்லை. பிளக்கை நேராக்கி, வயர்களைத் தளர்த்தி விட்டு, கார்டுக்குப் பாரம் ஏற்றும் சோதனையைத் தொடங்கியபோது மணி இரண்டே முக்கால் ஆகியிருந்தது. ஆட்டப் பட்டியல் பூட்டப்படுவது மூன்றுக்கு ஐந்து நிமிடம் முன்னால்.

இரண்டு ஐம்பதுக்குக் கேப்டனின் குரல் வந்தது. "அக்கா, மாத்து ஆள் ரெடியா இருக்கார். உங்க கார்டு என்னாச்சு? புதுசு வந்துச்சா?"

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, ஆமாம் சொல்லு, ஆமாம் சொல்லு என்று தலையை ஆட்டினார்.

இவள் கண்ணில் அந்த மஞ்சள் அட்டை பட்டது. 'தைப்பவர் தவறு' என்று தலைமை மெக்கானிக் இரண்டு நாள் எழுதிய கையெழுத்து இன்னும் அவளுக்கு நினைவிருக்கிறது. அந்த மனிதருக்கும் அன்று இதுபோல ஒரு நிமிடம் இருந்திருக்கும். ஊசியைத் திருகி மாட்டியது தான்தான் என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கும்.

"புதுசு ஒன்னும் வரல. பழைய கார்டு கல்லு மாதிரி இருக்கு" என்றாள். "தப்பு என்னுது. வயரை நான் இழுத்துக் கட்டியிருக்கேன், அதுல பிளக் கழண்டிருக்கு. இப்பதான் கண்டுபிடிச்சேன். சரி பண்ணிட்டேன்."

"எவ்வளவு நேரம் ஓட்டிப் பாத்தீங்க?"

"அஞ்சு நிமிஷம்."

கேப்டன் மெதுவாக, "அக்கா, இருபது நிமிஷம் கழிச்சுத்தானே அது நிக்கும். அஞ்சு நிமிஷத்த வச்சு நான் எப்படி..." என்றாள்.

"நியாயம்தான். நானா இருந்தாலும் கேப்பேன். ஆனா ஒன்னு சொல்லு. அந்த மாத்து ஆள் நம்ம வாசல்ல எத்தனை தடவ நின்னிருக்கார்?"

"ரெண்டு தடவ."

"நான் நூத்தி அறுபது தடவ. அவர் நாப்பது நிமிஷம் நின்னு விடுறத, நான் இருபது நிமிஷம் நின்னு பிடிப்பேன். அதுக்கு மேல நிக்கிறது உனக்கு லாபம். பெட்டி நின்னு போச்சுன்னா, விலகறேன்னு நானே எழுதித் தந்துட்டுப் போறேன், நீ சொல்ல வேண்டாம். ஆனா கார்டு மேல பழியப் போட்டுட்டு நான் வெளில போக மாட்டேன், கார்டு மேல பொய்யச் சொல்லிட்டு உள்ளயும் வர மாட்டேன். இப்போ முடிவு பண்ணு. மணி ரெண்டு அம்பத்திமூணு."

யாரோ ஒருவன் காதுக்குள் களுக்கென்று சிரித்தான். இன்னொருவன், "அக்காவ விடு கேப்டன்" என்றான். கேப்டன் ஒரு பெருமூச்சு விட்டாள். "சரி. வாசலுக்குப் போங்க."

முதல் இருபது நிமிடம் ஊசியக்கா தான் சொன்னபடியே செய்தாள். எதிரிகள் நான்கு முறை வாசலுக்கு வந்தார்கள், நான்கு முறையும் வந்த வழியே போனார்கள். வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். வேனை நேரத்துக்கு எடுத்தே பழகிய மனிதர், வாய் சும்மா இருக்கவில்லை.

"இருபது."

அவள் துப்பாக்கியில் தோட்டா நிரப்பினாள்.

"இருபத்தொன்னு."

"ஏங்க, வாய மூடிக்கிட்டு நில்லுங்க."

இருபத்திரண்டாம் நிமிடம் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தார்கள். திரை முழுக்கப் புகை, தீ, பறக்கும் கல். கார்டுக்கு இதைவிடப் பாரமான நேரம் கிடையாது. பெட்டிக்குள் விசிறி ஏறிப் பாடியது. உறைவதாக இருந்தால் இப்போது உறைந்துகொள் என்று மனதுக்குள் அதனிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, புகைக்குள் தெரிந்த முதல் தலையைச் சுட்டாள். தலை விழுந்தது. தூசி பறந்தது, பறந்த தூசி தரையில் இறங்கியது. அது இறங்கியதைப் பார்த்தபோது அவளுக்கு வந்த சந்தோஷம், இரண்டாவது தலையையும் மூன்றாவது தலையையும் வீழ்த்தியதில்கூட வரவில்லை.

"இருபத்திமூணு!" என்று வீட்டுக்காரர் வீடு அதிரக் கத்தினார்.

நாற்பத்தொன்றாம் நிமிடம் ஆட்டம் முடிந்தது. வாசல் கடைசி வரை விழவில்லை. காதுக்குள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டார்கள். கூச்சல் அடங்கியதும் கேப்டன், "அக்கா, சீசன் முழுக்க வாசல் உங்களுது. வயர மட்டும் யாரையாவது விட்டுக் கட்டச் சொல்லுங்க" என்றாள்.

"முடிச்சு நான்தான் போடுவேன். இனிமே தளர்த்திப் போடுவேன்" என்றாள் ஊசியக்கா.

காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் அட்டையை எடுத்து முன்னால் வைத்தாள். 'என்ன மாற்றப்பட்டது' என்ற கட்டத்தில் 'முடிச்சு' என்று எழுதினாள். 'யார் தவறு' என்ற கட்டத்தில், அந்த ஆலையில் எவரும் எழுதாத அந்தச் சொல்லை, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி எழுதினாள்: மெக்கானிக். அடுத்த கட்டம், 'யார் சரிசெய்தது'. அதிலும் அதையே எழுதினாள்.

வீட்டுக்காரர் தோளுக்கு மேல் குனிந்து படித்தார். "ரெண்டு இடத்துலயும் ஒரே ஆளா?"

"ஆமா. அதுல என்ன?"

"சரி, கிழிச்சுப் போட்டுடு. நாளைக்கு யாராவது வந்தா பாப்பாங்க."

அவள் அட்டையை நூலில் கோத்தாள். பெட்டியின் கைப்பிடியில், வாசலில் நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படும் பக்கமாகத் திருப்பி, ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக விட்டுக் கட்டினாள்.

"பாக்கட்டும்" என்றாள்.